பெயர் சொல்லாமல் ஆபத்தைத் தெரிவிக்க மாணவர்களுக்கு ஒரு வழி: பள்ளியில் அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

மாணவர்கள் தம் பெயரை வெளியிடாமல் ஆபத்தைத் தெரிவிக்க ஒரு வழியை ஏற்படுத்தும் பொறுப்பை ஏற்றிருக்கும் ஆசிரியர்கள், ஆலோசகர்கள், நிர்வாகிகள் ஆகியோருக்காக இந்த வழிகாட்டி எழுதப்பட்டது. பத்தாவது பகுதி மட்டும் மாணவர்களுக்கானது. அதை அப்படியே எடுத்து அவர்களிடம் கொடுக்கலாம்.

இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். முதல் நாளே ஒரு பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள், அல்லது ஒரு இணையப் படிவத்தைத் தயாரித்து அனுப்பிவிடுகிறார்கள். அதைத் திறப்பவர் யார், படித்தபின் என்ன செய்வது, எழுதிய பிள்ளை யாரென்று வெளியே தெரியாமல் எப்படி விசாரிப்பது என்பதையெல்லாம் முதல் சீட்டு கைக்கு வந்த பிறகே யோசிக்கத் தொடங்குகிறார்கள். அந்த முதல் சீட்டிலேயே ஓர் உயிர் தொடர்பான செய்தி இருந்தால், யோசிக்க நேரம் இருக்காது. ஆகவே ஆள், விதி, வழி, ஒத்திகை, அறிமுகம், விசாரணை என்ற வரிசையில் இதைச் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குழந்தைகளுக்கு எதிரான குற்றம் பற்றி அறிந்தால் யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொல்வதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பல நாடுகளில் பாலியல் வன்முறை பற்றிய தகவலைப் பெற்ற ஆசிரியர் அதை உரிய அதிகாரிகளுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். முதலில் பள்ளிக்குள் விசாரித்துப் பார்ப்போம் என்று தாமதிக்க அவருக்கு உரிமை கிடையாது.

அவசர உதவி எண், குழந்தைகள் உதவி எண், அருகிலுள்ள மருத்துவமனை, காவல் நிலையம் ஆகியவற்றின் எண்களை ஒரே தாளில் எழுதி வையுங்கள். இதோடு பள்ளியின் கண்காணிப்புக் கேமராக்கள் எந்தெந்த இடத்தைப் பார்க்கின்றன என்ற வரைபடமும், பள்ளி வழங்கிய மின்னஞ்சல் கணக்குகளையும் கணினிகளையும் நிர்வகிப்பவரின் ஒத்துழைப்பும் தேவை. இவை ஏன் தேவை என்பது நான்காவது பகுதியில் விளங்கும்.

1. என்ன வாக்குறுதி தரப்போகிறீர்கள் என்பதை முடிவு செய்யுங்கள்

தகவல் தந்தவர் யாரென்று பெறுபவருக்கே தெரியாமல் இருப்பது ஒன்று. பெறுபவருக்குத் தெரிந்தும் அவர் வெளியே சொல்லாமல் இருப்பது வேறொன்று. முதலாவது அநாமதேயம், இரண்டாவது இரகசியக் காப்பு. பள்ளிகள் இரண்டையும் கலந்து பேசுகின்றன. பள்ளி மின்னஞ்சலில் உள்நுழைந்தால்தான் திறக்கும் படிவத்தின் தலைப்பில் ‘உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது’ என்று எழுதியிருந்தால், அது உண்மையல்ல. அதைக் கண்டுபிடிக்கும் முதல் மாணவரோடு அந்த வழி செத்துவிடும்.

இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பதே நல்லது. பெயர் தெரிந்தால் உதவி வேகமாகக் கிடைக்கும் என்பதால் சில பிள்ளைகள் பெயரைச் சொல்ல விரும்புவார்கள். அந்த முடிவை அவர்களிடமே விடுங்கள்.

வாக்குறுதியின் எல்லையையும் இப்போதே எழுதிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை வந்தால் காவல்துறையின் உதவியோடு அனுப்பியவரைத் தேட வேண்டிவரலாம் என்றால், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். எல்லையைச் சொன்னால் மாணவர்கள் பயந்துவிடுவார்கள் என்று பலர் தயங்குகிறார்கள். ஆனால் சொல்லாத எல்லை பின்னால் வெளிப்படும்போது அது ஏமாற்றாகவே தெரியும்.

2. பெறுபவர்களைத் தேர்ந்தெடுங்கள்

குறைந்தது மூவர் வேண்டும். ஒருவரிடம் மட்டும் விட்டால், அவர் விடுப்பில் இருக்கும் நாளில் வந்த தகவல் படிக்கப்படாமல் கிடக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, புகார் அவரைப் பற்றியதாகவே இருக்கலாம் என்பது. மாணவர்கள் பெயர் சொல்லாமல் ஆபத்தைத் தெரிவிப்பதற்காக அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2004 முதல் இயங்கிவரும் சேஃப்2டெல் என்ற அமைப்பு, வரும் தகவலைப் பள்ளியின் குழுவுக்கும் காவல்துறைக்கும் அனுப்புகிறது. தனியொருவர் தகவலை அமுக்கிவிட முடியாத இந்த ஏற்பாட்டை எந்தப் பள்ளியும் தன் அளவில் செய்துகொள்ளலாம்: ஒவ்வொரு தகவலும் ஒரே நேரத்தில் இருவர் கண்ணிலாவது பட வேண்டும்.

மூவரில் ஒருவராவது மாணவர்களுக்கு மதிப்பெண் போடாதவராக இருக்கட்டும். ஆலோசகர், செவிலியர், நூலகர் ஆகியோர் பொருத்தமானவர்கள். ஒழுங்கு நடவடிக்கைக்குப் பொறுப்பான ஆசிரியரை மட்டும் தவிருங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். என்றாலும், தண்டனை தருபவர் கைக்குத்தான் சீட்டு போகிறது என்று தெரிந்தால் தன் நண்பனைப் பற்றிக் கவலைப்படும் பிள்ளை எழுத மாட்டாள்.

பெறுபவர்களைப் பற்றியோ தலைமை ஆசிரியரைப் பற்றியோ புகார் சொல்ல, பள்ளிக்கு வெளியே ஒரு முகவரியையும் தர வேண்டும். அது நிர்வாகக் குழுவின் ஓர் உறுப்பினராகவோ, கல்வித் துறையாகவோ, குழந்தைகள் உதவி எண்ணாகவோ இருக்கலாம். இந்த மாற்று வழியைச் சேர்க்க நிர்வாகங்கள் தயங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இதை விட்டுக்கொடுக்காதீர்கள், பெரியவர்களால் துன்புறும் பிள்ளைக்கு இதைத் தவிர வேறு வாசல் இல்லை.

3. என்ன வந்தால் என்ன செய்வது என்பதை எழுதி வையுங்கள்

வரக்கூடிய தகவல்களை மூன்றாகப் பிரியுங்கள். இன்றே உயிருக்கு ஆபத்து என்பவை முதல் வகை: ஆயுதம், தற்கொலை எண்ணம், குறித்த நாளில் தாக்கப் போவதாகச் சொன்ன மிரட்டல் போன்றவை. ஒருவர் துன்புறுத்தப்பட்டுக்கொண்டிருக்கிறார் என்பவை இரண்டாம் வகை: பாலியல் சீண்டல், அடி, பணம் பறித்தல், படங்களைக் காட்டி மிரட்டுதல். உடைந்த கைப்பிடி, பூட்டப்படாத மாடிக் கதவு, விளக்கில்லாத கழிப்பறை போன்ற இடம் சார்ந்த ஆபத்துகள் மூன்றாம் வகை.

ஒவ்வொரு வகைக்கும் முதலில் யாரை அழைப்பது, அவர் கிடைக்காவிட்டால் யார், எத்தனை நேரத்துக்குள் என்பதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் வகைக்கு நிமிடக் கணக்கு. இரண்டாம் வகைக்கு அன்றைய நாள் முடிவதற்குள். மூன்றாம் வகைக்கு ஒரு வாரம். இரண்டாம் வகையில் சட்டப்படி தெரிவிக்க வேண்டியவை எவை என்பதையும் அதே பக்கத்தில் குறித்துவிடுங்கள். பதற்றத்தில் இருப்பவர் நீண்ட கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார் என்பதால்தான் ஒரே பக்கம்.

பள்ளிகள் பெரும்பாலும் சண்டையையும் பகடிவதையையும் எதிர்பார்த்துத் தயாராகின்றன. ஆனால் கொலராடோவின் சேஃப்2டெல் அமைப்புக்குப் பல ஆண்டுகள் மிக அதிகமாக வந்தவை தற்கொலை எண்ணம் பற்றிய தகவல்கள். ‘என் தோழி எல்லோருக்கும் விடைபெறுவதுபோல் பேசுகிறாள்’ என்று ஒரு வரி மட்டும் வந்தால் நீங்கள் யாரை அழைப்பீர்கள்? இந்தக் கேள்விக்குப் பெயரும் எண்ணும் உள்ள பதில் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

4. வழிகளைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு வழி போதாது. கைப்பேசி இல்லாத பிள்ளைக்குப் படிவம் பயன்படாது; எழுதத் தடுமாறும் பிள்ளைக்குப் பெட்டி பயன்படாது. மாணவர்களுக்குக் குழப்பம் வராதபடி இரண்டு, அதிகம் போனால் மூன்று வழிகள் போதும்.

பெட்டி. பள்ளி ஒன்றில், தலைமை ஆசிரியர் அறை வாசலுக்கு எதிரே, நேர் மேலே கேமராவும் பக்கத்தில் உதவியாளரின் நாற்காலியும் இருக்கும் இடத்தில் பெட்டி மாட்டியிருந்தார்கள். சாவி அலுவலகச் சுவரில் வகுப்பறைச் சாவிகளோடு ஒன்றாகத் தொங்கியது. ஓர் ஆண்டு முழுவதும் அதில் மிட்டாய்க் காகிதமும் தூசியும் மட்டுமே இருந்தன. ‘எங்கள் பள்ளியில் பிரச்சினையே இல்லை’ என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். அதே பெட்டியை நூலகத்தின் உள்மூலையில், அகராதிகள் இருக்கும் அலமாரிக்கு அருகில் மாற்றிய இரண்டாவது வாரத்தில் நான்காக மடித்த சீட்டு ஒன்று வந்தது. ‘மாடிப்படிக்குக் கீழே, மூன்றாவது மணி அடிச்சதும், சின்னப் பசங்ககிட்ட’ என்று அதில் இருந்தது. வேறொன்றும் இல்லை. அந்த இடத்தையும் நேரத்தையும் கவனித்தபோது, சிறு வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து பணம் பறிக்கப்பட்டது தெரியவந்தது.

ஆகவே பெட்டியை வைக்கும் இடத்துக்கு மாணவர்கள் வேறு காரணத்துக்காகவும் வந்துபோக வேண்டும். கேமரா அதைப் பார்க்கக் கூடாது. அருகில் யாரும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கக் கூடாது. எங்கும் கிடைக்கும் ஒரே மாதிரியான வெள்ளைச் சீட்டுகளையும் பென்சிலையும் அங்கேயே வையுங்கள். நோட்டிலிருந்து கிழித்த தாளும் வண்ண மையும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். பள்ளி நாள் ஒவ்வொன்றிலும், மாணவர்கள் போனபின், இருவர் சேர்ந்து திறக்க வேண்டும். பெட்டியின் மேலேயே ‘நாளுக்கு ஒருமுறைதான் திறக்கப்படும், இப்போதே ஆபத்து என்றால் இந்த எண்ணை அழையுங்கள்’ என்று எழுதி ஒட்டுங்கள். பெட்டி அவசரத்துக்கு உதவாது என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள், சிறுவர்கள் அறிய மாட்டார்கள்.

இணையப் படிவம். இலவசமாகவும் எளிதாகவும் கிடைப்பதால் பலர் கூகுள் படிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதில் நான்கு அமைப்புகளைச் சரிபாருங்கள். மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் வசதி அணைக்கப்பட்டிருக்க வேண்டும். ஒருவர் ஒரு முறைதான் பதிலளிக்கலாம் என்ற கட்டுப்பாடும் அணைக்கப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் அது உள்நுழையச் சொல்லும். பள்ளிக் கணக்கு உள்ளவர்கள் மட்டுமே திறக்கலாம் என்ற கட்டுப்பாட்டை நீக்குங்கள். கோப்பு பதிவேற்றும் கேள்வியைச் சேர்க்காதீர்கள். அதற்கும் உள்நுழைவு தேவைப்படும் என்பதோடு, பதிவேற்றியவரின் பெயர் கோப்பின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வரும்.

இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் ஒன்று மிஞ்சுகிறது. ஒவ்வொரு பதிலோடும் அது அனுப்பப்பட்ட நாளும் நேரமும் பதிவாகும். காலை 11.42க்குத் தகவல் வந்தது, அந்த நேரத்தில் கணினி அறையில் இருந்தது ஒரே ஒரு வகுப்பு என்றால், அநாமதேயம் முப்பது பேருக்குள் சுருங்கிவிடுகிறது. பள்ளியின் வைஃபையும் பள்ளி வழங்கிய கணினிகளும் எந்த முகவரிகள் திறக்கப்பட்டன என்று பதிவு செய்யக்கூடும். எனவே, பதில்களைப் பார்ப்பவர்கள் நேரத்தைக் கொண்டு ஆளைத் தேட மாட்டார்கள் என்பதை விதியாக எழுதி அவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். மாணவர்களிடம், முடிந்தால் பள்ளிக்கு வெளியே, சொந்தக் கைப்பேசியில் இருந்து அனுப்பும்படி சொல்லுங்கள்.

தொலைபேசியும் குறுஞ்செய்தியும். வாட்ஸ்அப் எண் கொடுப்பது எளிது, ஆனால் அனுப்புபவரின் எண் பெறுபவருக்குத் தெரியும். அதை இரகசிய வழி என்று சொல்லலாம், அநாமதேய வழி என்று சொல்லக் கூடாது. அழைப்பவரின் எண்ணைக் காட்டாத, சுழற்றி அழைக்கும் பழைய தொலைபேசியாக இருந்தாலும் குரலை வைத்து ஆசிரியர் அடையாளம் கண்டுகொள்வார். ஆகவே அழைப்பை எடுப்பவர் அந்தப் பள்ளியைச் சேராதவராக இருப்பது நல்லது.

5. படிவத்தில் கேட்க வேண்டியவை, கேட்கக் கூடாதவை

கேள்விகள் குறையக் குறையத் தகவல் கூடும். என்ன நடக்கிறது, எங்கே, எப்போது, இப்போதும் தொடர்கிறதா, யாருக்கு ஆபத்து, வேறு யாருக்கெல்லாம் தெரியும் என்ற ஆறும் போதும். முதல் கேள்வியைத் தவிர மற்றவற்றைக் கட்டாயமாக்காதீர்கள். கட்டாயக் கேள்விக்கு விடை தெரியாத பிள்ளை படிவத்தை மூடிவிட்டுப் போய்விடுவாள்.

வகுப்பு, பிரிவு, பாலினம் ஆகியவற்றைக் கேட்காதீர்கள். புள்ளிவிவரத்துக்குப் பயன்படும் என்று யாராவது சேர்க்கச் சொல்வார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பெண்கள் ஏழு பேர் என்றால், அந்த மூன்று விடைகளும் சேர்ந்து பெயருக்குப் பக்கத்தில் கொண்டு வந்து நிறுத்திவிடும். ‘நீங்கள் இதை நேரில் பார்த்தீர்களா?’ என்ற கேள்வியும் இதே போன்றதுதான்: பார்த்தவர்கள் இருவர் மட்டும் என்றால் அது யாரென்று குற்றம் சாட்டப்பட்டவருக்கே தெரியும். அதற்குப் பதிலாக ‘இது எப்படித் தெரியவந்தது? சொல்ல விரும்பினால் மட்டும் எழுதுங்கள்’ என்று கேளுங்கள்.

பள்ளியில் பேசப்படும் எல்லா மொழிகளிலும் படிவம் இருக்க வேண்டும். சொற்களும் பிள்ளைகளின் சொற்களாக இருக்கட்டும். ‘துன்புறுத்தல் சம்பவத்தின் தன்மை’ என்று கேட்டால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன எழுதும்?

6. திரும்பப் பேச ஒரு வழி வையுங்கள்

அநாமதேயத் தகவலின் பெரிய குறை, அது பாதியில் நின்றுவிடுவது. ‘அவன் கத்தி கொண்டு வரப்போகிறான்’ என்று வந்தால் யார், எந்த நாள் என்று கேட்க வழியில்லை. யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய குளோபலீக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இதற்காகவே, அனுப்பியவருக்கு 16 இலக்க எண் ஒன்றைத் தருகிறது. அதைக் கொண்டு அவர் மீண்டும் உள்ளே வந்து, பெறுபவர் கேட்ட கேள்வியைப் படித்துப் பதில் எழுதலாம். பெயர் எங்கும் தேவைப்படாது.

அப்படியொரு மென்பொருளை நிறுவ ஆளில்லாத பள்ளி, எளிய முறையில் இதைச் செய்யலாம். அனுப்புபவர் தாமே ஒரு சொல்லையும் நான்கு இலக்கங்களையும் சேர்த்து ஒரு குறியீட்டை எழுதுகிறார். நூலக அறிவிப்புப் பலகையில், அந்தக் குறியீட்டுக்கு நேரே, ‘படித்தோம். இடம் எது என்று இன்னொரு சீட்டு எழுதவும்’ என்று போடப்படுகிறது. பலகையில் தகவலின் உள்ளடக்கம் துளியும் வரக் கூடாது. பிறந்த நாளையோ வரிசை எண்ணையோ குறியீடாக வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பிள்ளைகள் முதலில் எழுதுவது அவற்றைத்தான்.

7. யாருக்கும் அறிவிப்பதற்கு முன் ஒத்திகை பாருங்கள்

பெறுபவர்களுக்கு முன்கூட்டியே நாள் சொல்லாமல், வெளியாள் ஒருவரைக் கொண்டு மூன்று தகவல்களை அனுப்பச் செய்யுங்கள்: ஒன்று முதல் வகை, ஒன்று மூன்றாம் வகை, ஒன்று பெறுபவர் ஒருவரையே குறிப்பிடுவது. முதல் வரியிலேயே ‘ஒத்திகை’ என்று இருக்கட்டும், இல்லாவிட்டால் உண்மையான ஆம்புலன்ஸ் புறப்பட்டுவிடும். எத்தனை நிமிடத்தில் படிக்கப்பட்டது, சரியான ஆளுக்கு அழைப்பு போனதா, பெறுபவரைப் பற்றிய தகவல் அவர் கண்ணில் படாமல் போனதா என்று பாருங்கள்.

பெரும்பாலும் மூன்றாவதில்தான் ஏற்பாடு உடையும். மூவருக்கும் ஒரே நேரத்தில் போகும் தகவல் அவருக்கும் போய்விடும். அதனால்தான் இரண்டாம் பகுதியில் சொன்ன வெளி முகவரி, பெட்டியிலும் படிவத்தின் முதல் வரியிலும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

8. மாணவர்களுக்கு அறிமுகப்படுத்துங்கள்

காலைக் கூட்டத்தில் ஒரு முறை அறிவிப்பது போதாது. வகுப்பு வகுப்பாகப் போய், பத்து நிமிடம் பேசுங்கள்; அவர்கள் கேள்வி கேட்கட்டும். மாணவர்களின் மனதில் இருக்கும் தடை ‘போட்டுக்கொடுப்பது’ என்ற சொல். ஒருவனைச் சிக்கவைப்பதற்காகச் சொல்வதும், ஒருவரை ஆபத்திலிருந்து மீட்பதற்காகச் சொல்வதும் வேறு வேறு என்பதை உதாரணத்தோடு விளக்குங்கள். சீருடை அணியாமல் வந்ததை இங்கே எழுத வேண்டாம் என்றும், நண்பன் கையைக் கீறிக்கொள்வதை எழுதுங்கள் என்றும் தெளிவாகச் சொல்லலாம்.

இந்த உழைப்பு ஏன் தேவை என்றால், ஆபத்து பற்றி முதலில் தெரிந்துகொள்பவர்கள் சக மாணவர்களே. அமெரிக்க அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் ரகசிய சேவை அமைப்பும் அந்நாட்டுக் கல்வித் துறையும் 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 81 சதவீதச் சம்பவங்களில் குறைந்தது ஒருவருக்காவது முன்பே தெரிந்திருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் நண்பர்களும் பள்ளித் தோழர்களும் உடன்பிறந்தவர்களும். தெரிந்தவர்கள் சிலர் முன்வந்து சொன்னதற்கும் சிலர் சொல்லாமல் இருந்ததற்கும் இடையில் என்ன வேறுபாடு என்று 2008இல் ஒரு தொடர் ஆய்வு நடந்தது. பள்ளிப் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்ற எதிர்பார்ப்பு அதில் முக்கியக் காரணமாக வெளிப்பட்டது. அறிமுகக் கூட்டத்தில் நீங்கள் பேசும் தொனியை வைத்தே அந்த எதிர்பார்ப்பு உருவாகத் தொடங்குகிறது.

ஒன்றாம் பகுதியில் எழுதிய எல்லையை இங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். பெற்றோருக்கும் அதே வாரத்தில் தெரிவியுங்கள். பிள்ளைகள் மூலம் அரைகுறையாகக் கேள்விப்பட்டால் பள்ளியில் ஏதோ நடந்துவிட்டது என்று கலங்கிப்போவார்கள்.

9. தகவல் வந்தபின்: விசாரிக்கும்போது ஆளைக் காட்டிக்கொடுக்காதீர்கள்

இந்தப் பகுதியை மட்டுமாவது பெறுபவர்கள் எல்லோரும் சேர்ந்து படிக்க வேண்டும். மென்பொருளும் பெட்டியும் காத்த பெயரை மனிதர்கள் அரை மணி நேரத்தில் வெளியே கொண்டுவந்துவிடுகிறார்கள். ஓர் ஆசிரியர் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்கே போய், ‘இதை எழுதியது யார்? பயப்பட வேண்டாம், எழுந்து சொல்லுங்கள்’ என்று அன்போடு கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, உதவவே நினைத்தார். ஒருவரும் எழவில்லை. ஆனால் நாற்பது தலைகள் ஒரே பெஞ்சைத் திரும்பிப் பார்த்தன. அந்த ஆண்டு அந்த வகுப்பிலிருந்து இன்னொரு சீட்டு வரவில்லை.

சீட்டை யாரிடமும் காட்டாதீர்கள். படித்தவுடன் உள்ளடக்கத்தை இன்னொரு தாளில் உங்கள் சொற்களில் எழுதிக்கொண்டு, மூலத்தை உறையில் ஒட்டிப் பூட்டி வையுங்கள். குற்றமாக இருந்தால் மூலம் சான்றாகத் தேவைப்படும், அதனால் கிழித்துவிடவும் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் பேசும்போது, சீட்டில் இருக்கும் வாக்கியத்தையோ, ஒருவர் மட்டுமே அறிந்திருக்கக்கூடிய விவரத்தையோ பயன்படுத்தாதீர்கள்.

முடிந்தவரை வேறு காரணம் உள்ள கவனிப்பிலிருந்து தொடங்குங்கள். மாடிப்படிக்குக் கீழே நடப்பதாகத் தகவல் வந்தால், எல்லா மாடிப்படிகளிலும் எல்லா இடைவேளையிலும் ஆசிரியர் நிற்கும் புதிய முறையைக் கொண்டு வரலாம். ஆசிரியரே நேரில் பார்த்துவிட்டால், விசாரணைக்கு அந்தப் பார்வையே ஆதாரமாகும். சீட்டைப் பற்றிப் பேச வேண்டிய தேவையே எழாது. மாணவர்களிடம் பேச வேண்டியிருந்தால் ஐந்தாறு பேரைத் தனித்தனியாக, ஒரே அளவு நேரம், ஒரே கேள்விகளோடு அழையுங்கள். இருவரை மட்டும் அழைத்தால், அந்த இருவர்தான் சொன்னவர்கள் என்று மாலைக்குள் பேச்சாகிவிடும்.

பாலியல் குற்றம் என்று தோன்றினால், பாதிக்கப்பட்ட பிள்ளையை நீங்கள் விசாரிக்க வேண்டாம். ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டால் அந்தப் பிள்ளை மீண்டும் மீண்டும் அதற்குள் போய் வர வேண்டியிருக்கும். வாக்குமூலத்தின் வலிமையும் குறையும். பிள்ளை அப்போதைக்குப் பாதுகாப்பாக இருப்பதை உறுதி செய்துவிட்டு, சட்டம் சொல்லும் அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள். பயிற்சி பெற்றவர்கள் பேசட்டும்.

பொய்த் தகவல் வந்துவிடுமோ என்ற அச்சம் எல்லாக் கூட்டத்திலும் எழுகிறது. அதற்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை: அநாமதேயத் தகவலை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்காதீர்கள், அது விசாரணையின் தொடக்கம் மட்டுமே என்று விதியில் எழுதுங்கள். பொய் எழுதியவரைத் தேடிப் பிடிக்கக் கிளம்பினால், உண்மை எழுத நினைத்த பத்துப் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

10. தகவல் தரும் மாணவருக்கு

இப்போதே யாருக்காவது ஆபத்து என்றால் பெட்டியும் படிவமும் வேண்டாம். அவசர எண்ணை அழையுங்கள், அல்லது அருகில் இருக்கும் நம்பகமான பெரியவரிடம் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்.

நேரம் இருந்தால் முதலில் தனித் தாளில் எழுதிப் பாருங்கள். என்ன, எங்கே, எப்போது என்பவை இருக்கட்டும். ‘எனக்கு முன்னால் உட்காருபவன்’, ‘என் தங்கையிடமும்’ போன்ற சொற்கள் உங்களைக் காட்டிவிடும். அவற்றை எடுத்துவிட்டுப் பெயரையோ இடத்தையோ எழுதுங்கள். கண்ணால் பார்த்ததையும் பிறர் சொல்லிக் கேட்டதையும் பிரித்து எழுதினால் விசாரிப்பவர்கள் தவறான வழியில் போக மாட்டார்கள். கையெழுத்துத் தெரிந்துவிடும் என்ற பயம் இருந்தால் தனித்தனிப் பெரிய எழுத்துகளில் எழுதலாம்.

கைப்பேசியில் எடுத்த படத்தை அப்படியே அனுப்பாதீர்கள். எந்தக் கைப்பேசி, எந்த நேரம், சில வேளைகளில் எந்த இடம் என்பது வரை படக்கோப்புக்குள் பதிந்திருக்கும். அந்தப் படத்தைத் திரையில் திறந்து திரைப்பிடிப்பு எடுத்து, உங்கள் பெயரும் எண்ணும் தெரியும் பகுதிகளை வெட்டிவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதுள்ள ஒருவரின் அந்தரங்கப் படமாக இருந்தால் அதைச் சேமிக்கவும் வேண்டாம், யாருக்கும் அனுப்பவும் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு பகிர்வதும் சட்டப்படி குற்றமாகலாம். அப்படியொரு படம் சுற்றிவருகிறது என்று எழுதினாலே போதும்.

அனுப்பியதை நண்பர்களிடம் சொல்லாதீர்கள். தகவலோடு நீங்களே எழுதிய குறியீட்டை (ஒரு சொல்லும் நான்கு இலக்கங்களும்) நினைவில் வைத்து, மறுநாள் நூலக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். மூன்று பள்ளி நாட்கள் கழிந்தும் உங்கள் குறியீட்டுக்கு நேரே எதுவும் வரவில்லை என்றால், படிவத்தின் முதல் வரியில் இருக்கும் வெளி முகவரிக்கு அதே தகவலை அனுப்புங்கள்.

11. தொடர்ந்து நடத்துவது

பருவத்துக்கு ஒரு முறை, என்னென்ன மாறியது என்பதை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். மாடிக் கதவுக்குப் பூட்டு வந்தது, இடைவேளையில் படிகளில் ஆசிரியர் நிற்கிறார் என்ற அளவில் போதும். எண்ணிக்கைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து வெளியிடாதீர்கள். ‘ஏழாம் வகுப்பிலிருந்து ஒரு தகவல்’ என்பது எண்ணிக்கை போலத் தோன்றினாலும் அது அடையாளம்தான்.

பழைய தகவல்களை எத்தனை காலம் வைத்திருப்பது, யார் அழிப்பது என்பதைச் சட்டம் கேட்கும் கால அளவோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். பெறுபவர் ஒருவர் பள்ளியை விட்டுப் போனால், அன்றே கடவுச்சொல்லையும் பூட்டையும் மாற்றுங்கள்.

நீண்ட விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாளில் பெட்டியைத் திறந்து, காலியாக்கி, வாயை அடைத்து, பள்ளி திறக்கும் நாளையும் அதுவரை அழைக்க வேண்டிய எண்ணையும் அதன் மேல் ஒட்டுங்கள். படிவத்தை விடுமுறையிலும் ஒருவர் தினமும் பார்ப்பதாக இருந்தால் மட்டும் திறந்து வையுங்கள். பார்க்க ஆளில்லை என்றால் மூடிவிட்டு, மூடிய பக்கத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். வீட்டிலேயே ஆபத்து உள்ள பிள்ளைக்கு விடுமுறையில்தான் அந்த எண் அதிகம் தேவைப்படும்.